வேற எதுவும் சாப்பிடுறதில்லை

ரத்தம் எடுத்தாயிற்று. மூன்று குழாய்கள், ஊதா மூடி ஒன்று, மஞ்சள் மூடி ஒன்று, வெளிர்நீல மூடி ஒன்று. இந்திராணி முழங்கையை மடக்கிப் பஞ்சை அழுத்திக்கொண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்கேன் முதலிலேயே முடிந்துவிட்டது. பதினொரு மணிக்கு ரிசல்ட் வரும், டாக்டரம்மா கூப்பிடுவாங்க, இங்கேயே இருங்க என்றாள் ரத்தம் எடுத்த பெண். இப்போது எட்டே முக்கால். கீழே கேன்டீனில் இட்லி வாங்கி வந்தேன். அரை இட்லி தின்றுவிட்டுப் போதும் என்று பொட்டலத்தை மூடிவிட்டாள். மீதி ஒன்றரை இட்லி என் மடியில் சூடாக இருக்கிறது. புளித்த மாவு, அதனால் குடலுக்கு நல்லது, ஆனால் தீட்டிய அரிசி, அதனால் சர்க்கரை சட்டென்று ஏறும், உளுந்து சேர்ந்திருப்பதால் கொஞ்சம் புரதம் உண்டு. பார், இப்போதும் ஓடுகிறது. யாரும் கேட்காமலே உள்ளுக்குள் ஒரு ஆள் பேசிக்கொண்டே இருக்கிறான். இட்லியை இட்லியாக நான் பார்த்து மூன்று வருஷம் இருக்கும். எதைப் பார்த்தாலும் அதில் என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். இந்திராணியைப் பார்த்தால்கூட முன்பெல்லாம் அப்படித்தான், இரும்புச்சத்து குறைவு, கால்சியம் குறைவு, வெயில் படுவதில்லை. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அப்படிப் பார்க்க முடியவில்லை. கண் வெள்ளையில் மஞ்சள் தெரிகிறது. அதற்குமேல் எதுவும் தெரியவில்லை.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருஷம் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தேன். லைன் செத்துப்போச்சு, கொரகொரன்னு சத்தம் வருது, கல்யாண வீடு சார் இன்னைக்கே வேணும். திண்டுக்கல்லில் பாதிப் பேருக்கு என் குரல் தெரியும். பூமிநாதன் சார் இருக்காரா என்றுதான் கேட்பார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் வீட்டில் போன் அடிக்கவில்லை. அடுத்த நாளும் அடிக்கவில்லை. அதை யாரிடமும் சொல்ல முடியாது, சொன்னால் சிரிப்பார்கள். பிறகு மைதானத்தில் காலை நடைக்குப் போனேன். ஐந்தாறு பேர், நாலு சுற்று நடை, பிறகு சிமெண்டு பெஞ்சில் முக்கால் மணி நேரப் பேச்சு. பேச்சு முழுக்கச் சாப்பாடு. ரீஃபைண்டு எண்ணெயே விஷம் என்பார் ஒருவர். செக்கெண்ணெயும் கொழுப்புதானய்யா என்பார் ஞானப்பிரகாசம், தாலுகா ஆபீசில் இருந்தவர். முட்டையில் மஞ்சள் கருவைத் தூக்கிப் போடணுமா, அதுலதான சத்தே இருக்கு. மீன் எண்ணெய் மாத்திரை போட்டால் மாரடைப்பு வராதா. எங்க மாமா பீடியும் பரோட்டாவுமாத் தின்னு தொண்ணூத்தி ரெண்டு வயசு இருந்தாரு, அதுக்கு என்ன சொல்றீங்க. யாரும் யாரையும் மாற்றியதில்லை. மறுநாள் அதே இடத்திலிருந்து ஆரம்பிப்போம். நான் வீட்டுக்கு வந்து படித்துவிட்டுப் போவேன். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். சார், இதை வாட்ஸாப்பில் குரல் பதிவாகப் போடுங்களேன் என்றார்கள். போட்டேன். ஒரு குழு, பிறகு இன்னொரு குழு, இருநூறு பேருக்குமேல். போன் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது. சார், எங்க வீட்டுக்காரருக்கு யூரிக் ஆசிட் இருக்கு, தக்காளி சேர்க்கலாமா. பூமிநாதன் சார் இருக்காரா.

வீட்டில் முதலில் சீனி போனது, பிறகு மைதா, பிறகு அரிசி. சாமையும் வரகும் குதிரைவாலியும் வந்தன. இந்திராணி எதையும் எதிர்த்ததில்லை. சாமைச் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து, “உமி தொண்டையில நிக்குதுங்க” என்று ஒருநாள் சொன்னாள், அவ்வளவுதான். ஓசூரிலிருக்கும் மகள் சிந்துஜாதான் போனில் சண்டை போடுவாள். “அப்பா, அம்மாவுக்கு விட்டமின் டி பதினொண்ணுதான் இருக்கு, டாக்டர் எழுதிக் குடுத்த மாத்திரையக் குடுங்க.” “வெயில்ல நின்னா வராதா?” “வீட்டு வேலைய முடிச்சுட்டு அம்மா எப்பப்பா வெயில்ல நிப்பாங்க?” “ரசாயனத்த உள்ள தள்ளாத.” “நீங்க குடுக்குற பொடியெல்லாம் என்ன, ரசாயனம் இல்லாம காத்தா?” நல்ல கேள்வி. இன்று உட்கார்ந்து யோசித்தால் நல்ல கேள்வி என்று தெரிகிறது. அன்றைக்கு நான், நீ ஓட்டல் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு எனக்குப் பாடம் எடுக்காதே என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்ததும் அந்தச் சண்டையையே ஒரு பதிவாகப் பேசிக் குழுவில் போட்டேன். படித்த பிள்ளைகளே இப்படி இருக்கிறார்கள் என்று. நாற்பத்தேழு பேர் கைகூப்பினார்கள்.

பொடி வந்தது பங்குனியில். இந்திராணிக்கு மூட்டு வலி, படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். நடைக்கு வந்த ஒருவரின் மைத்துனர் தேனிப் பக்கத்திலிருந்து கொண்டுவந்து கொடுக்கும் பொடி, எலும்பு தேய்மானத்துக்கு. தேர்ந்தெடுத்த மூலிகைகள் என்று டப்பாவில் இருந்தது. எந்தெந்த மூலிகை என்று இல்லை. பிஸ்கட் பாக்கெட்டைக்கூடத் திருப்பி வைத்துச் சின்ன எழுத்தை எல்லாம் படிக்கிறவன் நான், அந்த டப்பாவைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்தேன், ஒன்றும் இல்லை என்று தெரிந்தது, இயற்கைதானே என்று வைத்துவிட்டேன். அதுதான் சரியாகச் சொல்வது. ரெண்டு பேரும் சாப்பிட ஆரம்பித்தோம். காலை ஐந்தரைக்கு எழுந்து வெந்நீர் வைத்து ரெண்டு ஸ்பூன் கலக்கி அவள் படுக்கைக்கே கொண்டுபோய்க் கொடுப்பேன். குழுவில் சொன்னேன். பதினொரு பேர் வாங்கினார்கள். மூன்றாவது வாரம் எனக்கு நெஞ்செரிச்சல், மோர் குடித்தால்கூட எரிந்தது. ரெண்டு நாள் விட்டுப் பார்த்தேன், எரிச்சல் நின்றது. மறுபடி குடித்தேன், எரிந்தது. விட்டுவிட்டேன். இது ஏப்ரல் கடைசியில். யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் ஒவ்வொரு முறையும் நினைப்பு வந்து நிற்கிறது. ஏன் சொல்லவில்லை. எனக்குத்தான் ஒத்துக்கொள்ளவில்லை, எல்லோருக்கும் அப்படியா இருக்கும், ஒவ்வொரு உடம்பு ஒவ்வொரு வாகு. சரி. அதைச் சொல்லியிருக்கலாமே. எனக்கு ஒத்துக்கலை, உனக்கு எப்படி இருக்கு இந்திரா என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. அவளுக்குக் கலக்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். ரெண்டு மாதம்.

ஆனியில் அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தாளிக்கிற வாசம் வந்தால் குமட்டியது. பிறகு உடம்பெல்லாம் அரிப்பு, உள்ளங்கையைக் கதவு விளிம்பில் தேய்ப்பாள். கழிவு வெளியேறுது என்றேன். எத்தனை வருஷக் கழிவு உள்ளே இருக்கும், மூலிகை அதைக் கிளப்பிவிடும், கொஞ்ச நாள் அப்படித்தான் படுத்தும், பிறகு உடம்பு பஞ்சு மாதிரி ஆகிவிடும். நானே நம்பித்தான் சொன்னேனா? வாயிலிருந்து வரும்போது நம்பிக்கையாகத்தான் இருந்தது. என் குரலுக்கு அந்தக் குணம் உண்டு, லைன் நாளைக்குள்ள சரியாகிடும் என்று சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் நம்பிவிடுவார், அவர் நம்பியதைக் கேட்டு நானும் நம்பிவிடுவேன். சிறுநீர் பால் ஊத்தாத டீ மாதிரி போகுதுங்க என்றாள். தண்ணி பத்தாது, நிறையக் குடி என்றேன். கடைசியில் பக்கத்து வீட்டு அம்மாள்தான் முந்தாநாள் வாசல் கேட்டுக்கு வெளியே அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “என்ன இந்திராக்கா, கண்ணு இப்படி இருக்கு” என்று கேட்டது. நான் தினமும் விடியற்காலை அந்த முகத்துக்கு நேரே டம்ளரை நீட்டியவன். அறையில் விளக்குப் போடாமல் நீட்டுவேன், தூக்கம் கலைந்துவிடக் கூடாதென்று. விளக்குப் போட்டிருந்தால் பார்த்திருப்பேனா. தெரியவில்லை.

நேற்றுச் சாயங்காலம் டாக்டர் ரெஜினா அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும், குரல் உயரவே இல்லை. எத்தனை நாளா அம்மா, காய்ச்சல் இருந்ததா, வெளியூர் போனீங்களா, வெளித் தண்ணி குடிச்சீங்களா. பிறகு கேட்டார். “வேற ஏதாவது மாத்திரை, மருந்து, நாட்டு மருந்து, பொடி, கஷாயம், ஏதாவது எடுத்துக்கிறீங்களா?” கேள்வி இந்திராணியைப் பார்த்துத்தான். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “இல்லம்மா. வேற எதுவும் சாப்பிடுறதில்ல.” இவ்வளவு சுத்தமாக அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. டாக்டர் எழுதிக்கொண்டார். நான் சுவரில் ஈரலின் படம் மாட்டியிருந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பழுப்பு நிறத்தில், ஆப்பு மாதிரி. நான் வாயைத் திறக்க எனக்கு இடம் இருந்தது, நேரம் இருந்தது, அவர் எழுதி முடிக்க அரை நிமிஷம் ஆயிற்று. ஆட்டோவில் வரும்போது ஏன் அப்படிச் சொன்னே என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்வாளே என்று கேட்கவில்லை. இன்று காலை பொடி கலக்கவில்லை. வெறும் வயிற்றோடு வரச் சொன்னதால் கலக்கவில்லை என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அந்தக் காரணம் இல்லாவிட்டால் கலக்கியிருப்பேனோ.

எதிர் வரிசையில் ஒரு அம்மாள் பச்சைப் பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறாள். வடமதுரையாம், புருஷனுக்கு ஸ்கேன். என் தோற்றத்தைப் பார்த்து என்ன நினைத்தாளோ, எழுந்து வந்து எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள். “ஐயா, சுகருக்கு வெந்தயத்த ஊற வச்சுக் குடிக்கணுமா, மொளகட்டித் திங்கணுமா? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாக. இவரு மாத்திரைய நிப்பாட்டிட்டு வெறும் பூசணிச் சாறுதான் குடிக்கிறாரு. போன்ல யாரோ பேசுனத கேட்டுட்டு.” என் குரலாக இருக்குமோ என்று ஒரு கணம். இல்லை, நான் பூசணிச் சாறு பற்றிப் பேசியது அல்சருக்கு. வாய் தானாகத் திறந்தது, ஊறவைத்த வெந்தயத்தில் கரையும் நார்ச்சத்து என்று தொண்டைவரை வந்துவிட்டது. பக்கத்தில் இந்திராணி நாற்காலியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருக்கிறாள். உள்ளங்கையை நாற்காலியின் இரும்பு விளிம்பில் தேய்த்துக்கொண்டே இருக்கிறாள், தூக்கத்திலும். “எனக்குத் தெரியலம்மா. டாக்டர்கிட்ட கேளுங்க. மாத்திரைய நிப்பாட்டுனத மறைக்காமச் சொல்லுங்க” என்றேன். அந்த அம்மாள் ஏமாந்த மாதிரி பார்த்தாள். “சொன்னா அந்த டாக்டரம்மா திட்டுமே” என்றாள். “திட்டட்டும்” என்றேன். சொல்லிவிட்டு நானே அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவ்வளவுதானா. திட்டுவார் என்றுதானா நான் நேற்று ஈரல் படத்தைப் பார்த்தேன்? திட்டுவதற்கா இந்த அறுபத்து நாலு வயதில் பயம்? இல்லை. வேறு. இந்தப் பொடியை நான் கொடுத்தேன் என்று சொன்னால், எல்லாவற்றையும் நான்தான் கொடுத்தேன் என்று ஆகும். சாமையும் வெயிலும் குரல் பதிவுகளும் இருநூறு பேரும். ஒரு இழையைப் பிடித்து இழுத்தால் சட்டை முழுவதும் வந்துவிடும். அப்புறம் போன் அடிக்காது.

சொல்லாமலே சொல்ல என்ன வழி என்று ஒரு மணி நேரம் யோசித்தேன். சிந்துஜாவை விட்டு டாக்டரிடம் பேசச் சொல்லலாம், ஆனால் அவளிடம் முதலில் நான் சொல்ல வேண்டும். நர்ஸிடம் ஒரு சீட்டு. பக்கத்து வீட்டில் யாரோ ஏதோ கொடுத்தார்கள், இவள் எனக்குத் தெரியாமல் சாப்பிட்டிருக்கிறாள். இதையும் யோசித்தேன். யோசித்தேன் என்பதை மறைப்பதில் என்ன இருக்கிறது. அது வந்தது, ஒரு நிமிஷம் போல இருந்தது, அது எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது என்று பார்த்தேன், போய்விட்டது. ஈரல் தானே வளரும் என்று படித்திருக்கிறேன். எவ்வளவு கெட்டால் வளராது என்றும் படித்திருக்கிறேன், அந்தப் பத்தியைப் பதிவில் சொல்லவில்லை, பயமுறுத்துகிற மாதிரி இருக்கிறதென்று. இந்திராணி இல்லாத வீடு எப்படி இருக்கும். சமையலறையில் பதினாறு டப்பா இருக்கும், ஆளிவிதை, சியா, முருங்கைப்பொடி, கருஞ்சீரகம். ஆள் இருக்காது. கடிகாரத்தில் பத்து ஐம்பது. ஒன்றரை இட்லி மடியிலேயே ஆறிவிட்டது.

“இந்திராணி பூமிநாதன்” என்று கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். டாக்டர் ரெஜினா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிலிருபின் ஆறுக்கு மேல இருக்கு. ஈரல் என்சைம் எண்ணூத்தி நாப்பது, நாப்பதுக்குள்ள இருக்கணும். ஆனா வைரஸ் டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ். ஸ்கேன்ல கல்லு, அடைப்பு எதுவும் இல்ல. அதான் எனக்குப் புரியல.” பேனாவை வைத்துவிட்டு இந்திராணியைப் பார்த்தார். “அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கடையில வாங்குன சத்து மாவு, டீ மாதிரி ஏதாவது...” இந்திராணி வாயைத் திறந்தாள். அவள் மறுபடியும் அதையே சொல்லப் போகிறாள் என்று தெரிந்தது. “பொடி சாப்பிட்டா டாக்டர். நான்தான் குடுத்தேன். மூட்டு வலிக்கு. பங்குனியிலேர்ந்து தினமும் ரெண்டு ஸ்பூன்.” என் குரல் கீச்சென்று வந்தது, பதிவில் வருகிற குரல் இல்லை. இந்திராணி என் பக்கம் திரும்பினாள். டாக்டர் திட்டவில்லை. “டப்பா இருக்கா?” “போன்ல படம் இருக்கு.” அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். “இதுல என்ன கலந்திருக்குன்னே போடலியே.” “ஆமா டாக்டர்.” “இதனாலதான்னு இப்பவே அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா சந்தேகம் நிறைய இருக்கு. நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது, சில பேருக்கு ஈரல் தாங்காது. இன்னையோட எல்லாத்தையும் நிறுத்துங்க, எல்லாப் பொடியும். ரத்தம் உறையற அளவு நல்லா இருக்கு, அது நல்ல அறிகுறி. ரெண்டு மூணு நாள் இங்க வச்சுப் பார்ப்போம்.” பிறகு சாதாரணமாக, எழுதிக்கொண்டே கேட்டார். “நேத்தே சொல்லியிருக்கலாமே சார்.” பதிலுக்குக் காத்திருக்காமல் சீட்டைக் கிழித்து நர்ஸிடம் நீட்டினார்.

மாடியில் ஒரு அறை கொடுத்தார்கள். இந்திராணியே சிந்துஜாவைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள், அவள் உடனே கிளம்பிவிட்டாள். இந்திராணி கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தாள், கையில் ஊசி குத்தி பாட்டில் ஏறுகிறது. நான் ஜன்னல் பக்கம் போய்ப் போனை எடுத்தேன். பொடி வாங்கியவர்கள் பதினொரு பேர். தனித்தனியாகக் கூப்பிடத்தான் வேண்டும், ஆனால் அதற்குள் யாராவது ஒரு டம்ளர் கலக்கிவிடுவார்கள். குழுவைத் திறந்து பதிவுப் பொத்தானை அழுத்தினேன். “நான் பூமிநாதன் பேசுறேன். மூட்டு வலிப் பொடிய யாரும் இனிமே தொடாதீங்க. என் மனைவி அதச் சாப்பிட்டா, ஈரல் கெட்டு ஆஸ்பத்திரியில சேர்த்திருக்கேன். பொடியாலதான்னு டாக்டர் இன்னும் உறுதியாச் சொல்லல. ஆனா கண்ணு மஞ்சளா இருந்தா, அரிப்பு இருந்தா, இன்னைக்கே போய்க் காட்டுங்க. கழிவு வெளியேறுதுன்னு நான் சொன்னது தப்பு. எனக்குத் தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொன்னேன்.” விரல் பொத்தானில் இருக்கிறது. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதை டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. பின்னால் கட்டிலில் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். “நான் அதச் சாப்பிடறத நிறுத்தி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு. எனக்கு ஒத்துக்கல. அத உங்க யார்கிட்டயும் சொல்லல, அவகிட்டயும் சொல்லல.” விரலை எடுத்தேன். போய்விட்டது. திரும்பிப் பார்க்க வேண்டும். ஜன்னலுக்குக் கீழே ஒரு ஆள் தண்ணீர் லாரிக்குக் குழாய் மாட்டிக்கொண்டிருந்தான், அதை முழுவதும் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன்.

“எனக்குத் தெரியுமே” என்றாள் இந்திராணி. கோபம் இல்லை. “என்ன தெரியும்?” “நீங்க நிப்பாட்டுனது. முன்னாடி ரெண்டு டம்ளர் கழுவப் போட்டிருப்பீங்க. அப்புறம் ஒண்ணுதான் கெடந்துச்சு.” நான் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தேன். “தெரிஞ்சும் ஏன் குடிச்ச? நேத்து டாக்டர்கிட்ட ஏன் மறைச்ச?” அவள் பாட்டிலில் சொட்டுவதைப் பார்த்தாள். “மறைச்சது, அந்தச் சின்னப் புள்ள முன்னாடி நீங்க குறுகி நிக்கக் கூடாதுன்னு. குடிச்சது வந்து...” போர்வையைக் கால்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள். “கல்யாணமாகி முப்பத்தி மூணு வருஷம். எனக்குன்னு ஒரு வாய் காப்பி போட்டுக் குடுத்திருக்கீங்களா? சிந்துவப் பெத்துப் படுத்திருந்தப்பக்கூட இல்ல. பங்குனியிலேர்ந்துதான் நீங்க எனக்கு முன்னாடி எந்திரிச்சீங்க. அடுப்பப் பத்த வைக்கிறது கேக்கும், கலக்குறது கேக்கும். நான் முழிச்சுட்டுத்தான் இருப்பேன், நீங்க கொண்டு வர்ற வரைக்கும் கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருப்பேன். பொடி கசப்புதான். எனக்கு ஒத்துக்கலன்னு சொன்னா அப்புறம் நீங்க கொண்டு வர மாட்டீங்கல்ல.” உள்ளே ஒரு ஆள் பேசிக்கொண்டே இருப்பானே, அவன் இல்லை. போன் சட்டைப்பையில் அதிர்ந்தது, நின்றது, மறுபடி அதிர்ந்தது. எடுக்கவில்லை. நர்ஸ் ஒரு அட்டையோடு உள்ளே வந்தாள். “கூட ஒருத்தர்தான் தங்கலாம். யார் பேர எழுத?” என்றாள். “மக ஓசூர்லேர்ந்து வந்துக்கிட்டு இருக்கா...” என்று ஆரம்பித்த இந்திராணி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். “நான் இருக்கேன்” என்றேன். “உங்களுக்கு இங்க தூக்கம் வராதுங்க.” “வராட்டிப் போகுது.” நர்ஸ் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கள் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்திராணி ஊசி இல்லாத கையால் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, “இவரு பேரையே எழுதிக்கம்மா” என்றாள்.